மூடினது எதுவும் உள்ளே போகக் கூடாது

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் ஓரகத்தி பெற்றது. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவள். அவள் காலை ஷிப்டு போனால் நான் மதிய ஷிப்டு போவேன். வீட்டில் இருப்பவள் ஐந்துக்கும் சோறு போட்டு, ஐந்தையும் அடித்து, ஐந்துக்கும் பேன் பார்ப்பாள். அவள் வேலை முடித்து வெளியே வர, நான் உள்ளே நுழைய, கம்பெனி கேட்டில் இரண்டு பேரும் எதிர் எதிரே பார்த்துக்கொள்வோம். நான் வீட்டை விட்டுக் கிளம்பி அவள் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் பிள்ளைகள் தனியாக இருக்கும். பக்கத்திலேயே கல்கத்தா ரோடு, லாரி ஓயாத ரோடு. அதனால் கேட்டில் அவளைப் பார்த்ததும் நான் சொல்லுகிற முதல் பேச்சு, "அஞ்சும் ஊட்ல கீது, ஓடு" என்பதுதான். நான் வெளியே வருகிற நாளில் அவள் எனக்குச் சொல்லுவாள். யார் யாருக்குச் சொன்னாலும் அதே பேச்சு. அவளைக் கேட்டிருந்தால் அவளும் ஐந்து பிள்ளைகளை வளர்த்ததாகத்தான் சொல்லியிருப்பாள்.

இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் கையெழுத்து போடுவேன், பஸ் பலகையில் ஊர்ப் பெயர் படிப்பேன், அதற்குமேல் எனக்கு எழுத்து வராது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் பேசுவதை அவள் புத்தகத்தில் வருகிற மாதிரி ஆக்கி எழுதுகிறாள். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு நடு அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஓட்டைகள்தான் இருக்கின்றன. ஒரு ஓட்டை மட்டும் மற்றதைவிடப் பெரிதாகக் கிழிந்துபோயிருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவன் அதைப் பட்டி வைத்து அடைக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். "இன்னா ஆயா, ஓட்டைய வெச்சிகினு இன்னா பண்ணப்போற?" என்று சிரித்தான். அவன் சின்னப் பையன், அவனிடம் என்ன சொல்வது. அந்த அறையில்தான் என் ஓரகத்தி இருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் வேலையைத்தான் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் தெருவில் ஆம்பளைகள் எல்லாம் நடவும் அறுப்பும் விட்டுவிட்டு இரும்புக் கம்பெனிக்குப் போனார்கள். பின்னாலேயே நாங்களும் போனோம். எங்களுக்குக் கிடைத்தது பழைய இரும்பு பொறுக்கிப் பிரிக்கிற வேலை. லாரி லாரியாக வந்து கொட்டுவான். உடைந்த கட்டில், சைக்கிள், கார் சாமான், கப்பல் தகடு, டிரம்மு. அதைப் பர்னஸில் போட்டு உருக்கிக் கம்பி ஆக்குவார்கள். போடுவதற்கு முன்னால் நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ள வேண்டும். பித்தளை, அலுமினியம் இருந்தால் தனியே எடுப்போம். அதைவிட முக்கியம், வாய் மூடின சாமான் எதுவும் அதில் போகக் கூடாது. இரண்டு பக்கமும் அடைத்த குழாய், சின்ன சிலிண்டர், மூடி இறுகிய டப்பா, இந்த மாதிரி ஒன்று, உள்ளே கொஞ்சம் காற்றோ மழைத் தண்ணியோ இருந்து, காய்ச்சின இரும்பில் விழுந்தால் குண்டு மாதிரி வெடிக்கும். உருகின இரும்பு மேலே கிளம்பி மழை மாதிரி இறங்கும். அப்படி இறங்கினால் அடியில் நிற்பவனுக்கு ஓட நேரம் இருக்காது.

பர்னஸ் வாயண்டை உயரமாக ஒரு மேடை இருக்கும். அதை நாங்கள் 'மேல' என்போம். அங்கே நின்று கம்பியால் இரும்பைத் தள்ளிவிடுகிற வேலை என் மூத்தாருக்கு. அதாவது ஓரகத்தியின் புருஷனுக்கு. கீழே இரும்பு கொட்டுகிற யார்டில் இவள் ஒன்றை விட்டால் மேலே அவர் போய்விடுவார். அவள் வேலை செய்ததை அந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துக் குலுக்குவாள். ஒரு கம்பித் துண்டால் தட்டுவாள். காதண்டை வைத்துக் கேட்பாள். திறந்த இரும்பு கணீர் என்று பேசும், மூடின இரும்பு மொத்து மொத்து என்று முனகும் என்பாள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரே ஷிப்டில் அவள் பக்கத்தில் நின்றும் எனக்கு அந்த வித்தியாசம் பாதி நாள் விளங்காது. சந்தேகப்பட்டதைத் தூக்கி ஓரம் போடுவேன். "எல்லாத்தையும் ஓரம் போட்டா கம்பெனி இன்னாத்த உருக்கும், உன் தலையையா?" என்று கத்துவாள். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால் அவனையும் விடமாட்டாள். "மூடினது எதுவும் உள்ள போக்கூடாது. போவணும்னா மொதல்ல நீ மேல போய் நில்லு, அப்பறம் அனுப்பறேன்" என்பாள். எங்களுக்குள் அதனால் சண்டை வந்திருக்கிறது. பெரியவள் என்கிற அதிகாரம் அவளுக்கு, அதற்குப் பணிகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அவள் யார்டில் இருந்த காலம் முழுக்க, அவள் கை பட்ட இரும்பு ஒன்றும் வெடித்தது கிடையாது. என் மூத்தார் முழு உடம்போடு வேலையிலிருந்து நின்றார். அதற்கும் பல வருஷம் கழித்து, நெஞ்சில் சளி கட்டி, வீட்டுப் பாயில் படுத்துத்தான் செத்தார்.

அவளுக்கு நோய் வந்தது முதலில் மூடியில்தான். சமையல் கட்டில் ஒரு டப்பாவுக்கும் மூடி இருக்காது. சர்க்கரையில் எறும்பு. மாவில் பல்லி விழுந்து ஒருநாள் அத்தனையும் கொட்டினேன். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு ஓரகத்திகள் ஒரே அடுப்பில் இருந்தால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

"யக்கா, சக்கர டப்பா மூடி எங்க?"

"மூடி எதுக்கு? உள்ள இன்னா தங்கமா கீது?"

"எறும்பு மொய்க்குது."

"மொய்ச்சா மொய்க்கட்டும். எறும்பு இன்னா வெடிக்கவா போவுது?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு குக்கரைக் கண்டால் கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள். அடுப்பில் இருக்கிற குக்கரின் மூடியைத் திருகப் போனாள், நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு காலை கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தி, அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம், "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று விரட்டினாள். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ காத்து கருப்பு என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினோம். கயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அப்புறம் வீட்டை விட்டுப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் எளாவூர் செக்போஸ்டு வரைக்கும் போய்விட்டாள். அங்கே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போயிருக்கிறாள். ஒரு ஆந்திரா டிரைவர் இறங்கி வந்து, "ஏமி அவ்வா, ஏம் காவாலி?" என்று, என்ன வேணும் பாட்டி எனத் தெலுங்கில் கேட்டானாம். "தொற. உள்ள இன்னா கீது?" என்றாளாம். "பிஸ்கட்டு அவ்வா" என்று சொன்னதற்கு, "பிஸ்கட்டுனா சத்தம் இப்டி வராது. பொய் சொல்லாத" என்றாளாம். பின்னால் இருந்த புது டிரைவர் பையன் இவளை ஆபீஸ் அம்மா என்று நினைத்துப் பேப்பரை எல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறான். அவனைப் பார்த்து இவள் தலையை ஆட்டி, "நீ போ, இவன் நிக்கட்டும்" என்றாளாம். டீக்கடைக்காரர் ஆளைத் தெரிந்துகொண்டு போன் பண்ணினார். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள். அவளுடைய மூத்த மகன் மட்டும் சிரிக்கவில்லை. நான் வளர்த்ததில் பெரியவன் அவன். அவனும் கம்பெனிக்குப் போகிறான், அவன் பெண்சாதியும் போகிறாள். ரோட்டில் அம்மா லாரிச் சக்கரத்தில் கிடப்பது போலவே கண்ணுக்குள் வருகிறது என்றான். அடுத்த நாள் கடையிலிருந்து தாழ்ப்பாள் வாங்கி வந்து அந்தக் கதவில் அடித்தான்.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவள் உள்ளே என்ன பட்டாள் என்று சொல்லியாக வேண்டும். வெளியே விடு என்று அவள் கத்தவில்லை. கதவைத் தட்டுவாள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. மறுபடியும் தட்டுவாள். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறாள் என்று வெளியே இருந்த எனக்குத் தெரியும். அப்புறம் மெதுவாகச் சொல்லுவாள். "மூடிக் கீது. இத்த அனுப்பாத. மேல அவரு கீறாரு, சொல்லுங்கடா. நான் உள்ள கீறேன், அனுப்பாதீங்க." மூடின சாமானாக அந்த அறையே ஆகிவிட்டது, அதற்குள் இவளே இருக்கிறாள், அது பர்னஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவள் பிழைப்பு அதுவாகத்தான் இருந்தது.

பெரியவன் உண்மையைச் சொன்னால் அடங்குவாள் என்று நினைத்தான். கதவைத் திறந்து, தோளைப் பிடித்து, "யம்மா, இங்க பாரு. நைனா மேல இல்ல. நைனா செத்து எத்தினியோ வருஷம் ஆச்சி" என்றான். அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "எத்த வுட்டேன்? எத்தடா வுட்டேன்?" என்று கேட்டாள். எந்தச் சாமானை நான் தவற விட்டேன் என்று கேட்கிறாள். அவளைப் பொறுத்தவரை அவர் இப்போதுதான் செத்தார், அதுவும் அவள் கையால். சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டாள். மறுநாள் மறுபடி மேலே இருப்பவரைக் கேட்டாள், மறுபடி மகன் உண்மையைச் சொன்னான். ஒருத்தி எத்தனை தடவை புருஷனைக் கொல்வாள்? நான் அவனைப் பிடித்து இழுத்து, "சொல்லாதடா பாவி" என்றேன். "பின்ன இன்னா சொல்றது சின்னம்மா?" என்று கேட்டான்.

திருவள்ளூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மறதி நோய், டிமென்ஷியா என்று பெயர் சொன்னார்கள். மாத்திரை தூக்கத்துக்கும் படபடப்புக்கும்தான், நோய் இறங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பேசிப் பழகி உதவி செய்ய ஒரு பொண்ணு வீட்டுக்கே வருவாள் என்றார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு படித்த பொண்ணு. ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து, ஷேர் ஆட்டோவில் இறங்குவாள். பெரியவன் மேடம் என்பான். நான் பாப்பா என்றுதான் கூப்பிட்டேன்.

முதலில் அவள் கொண்டுவந்தது ஒன்றும் பலிக்கவில்லை. பழைய போட்டோ காட்டினாள். ஓரகத்தி அதைத் திருப்பிப் போட்டாள். கலர் பென்சில் கொடுத்தாள். இவள் அதை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டு டப்பாவைத் திறந்தபடி வைத்தாள். போனில் பழைய பாட்டு வைத்தாள். ஓரகத்தி போனை வாங்கி, விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, எழுந்துபோய் வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். மருமகள், பெரியவன் பெண்சாதி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பொண்ணு சிரிக்காமல் என்னைப் பார்த்து, "பாட்டி, இவங்க என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டாள்.

அதுவரைக்கும் கயிறு கட்டினவரும் சரி, தாழ்ப்பாள் அடித்தவனும் சரி, அதைக் கேட்கவில்லை. நானும்தான் அதையும் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், யாரும் கேட்காதபோது எனக்கென்ன என்று. அன்றைக்குச் சொன்னேன். யார்டு, பர்னஸ், மேலே நிற்பவர், தட்டிக் கேட்கிறது, எல்லாம். அம்மா இரும்புக் கம்பெனிக்குப் போனாள் என்று தெரியும், அங்கே என்ன செய்தாள் என்று பெரியவனுக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம் என்றாள்.

"ரோட்டுல லாரி அட்ச்சா யாரு மேடம் பதில் சொல்றது?" என்றான்.

"பயம் நியாயம்தான். தெருக் கேட்டுல மணி கட்டுங்க. இந்தக் கதவுல சுவத்துக் கலர்ல ஒரு துணி தொங்க விடுங்க. வாசல்னு தெரியலைன்னா போக மாட்டாங்க. பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். ஆனா பூட்டு வேணாம். அவங்க எதுக்குள்ள இருக்கறதா நினைக்கிறாங்கன்னு பாட்டி இப்பதானே சொன்னாங்க."

திருப்புளி எடுத்துவந்து அவனே கழற்றினான். ஒரு திருகாணி மட்டும் தேய்ந்துபோய் வரவில்லை. கம்பி கொடுத்து நெம்பிப் பிடுங்கினான். அந்த ஓட்டைதான் கிழிந்து கிடக்கிறது.

அடுத்து அந்தப் பொண்ணு என்னிடம் வந்தாள். மேலே அவர் இருக்கிறாரா என்று ஓரகத்தி கேட்டால், இறங்கிவிட்டார், டீ குடிக்கிறார் என்று சொல்லச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வயதுக்கு நான் வாயால் பொய் சொல்லிப் பிழைத்தவள் இல்லை. "செத்தவர டீக்கடையில குந்த வெக்கச் சொல்றியா பாப்பா?" என்றேன். "அவங்க விவரம் கேக்கல பாட்டி. பயந்துபோய்க் கேக்கறாங்க. பயத்துக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் ஓரகத்தி கதவண்டை நின்று கேட்டபோது என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "மாமா எறங்கிட்டாரு யக்கா. டீ குட்ச்சிகினு கீறாரு." என்னை உற்றுப் பார்த்தாள். பெரிதாக மூச்சு விட்டாள். அன்றைக்குத் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாள். நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் நின்று அழுதேன்.

ஒரு கூடை நிறைய டப்பா, தூக்கு, மருந்துக் குப்பி, ஷாம்பு புட்டி என்று சேர்த்தோம். எல்லாம் மூடி போட்டது. காலை நாஷ்டா முடிந்ததும் கூடையை அவள் முன்னால் வைப்பேன். ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கி, தட்டி, கேட்டு, திறந்து வைப்பாள். திறந்ததை நான் சமையல் கட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி மூடிக் கொண்டுவருவேன். லாரி வந்து கொட்டுகிற மாதிரி சத்தத்தோடு கொட்டச் சொல்லுவாள். "இன்னாடி, சாணி அள்ற மாதிரி அள்ற? கைய வீசி வேல செய்" என்று அதிகாரம் பண்ணுவாள். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் கம்பித் துண்டை அவள் மேலேயே வீசியிருப்பேன். இப்போது, "சரி யக்கா, சரி யக்கா" என்று மூடிகளைப் பொறுக்கினேன்.

அந்தப் பொண்ணு என்னையும் விடவில்லை. "அவங்களுக்கு நீங்க இருக்கீங்க. உங்களுக்கு யாரு பாட்டி?" என்று ஒருநாள் கேட்டாள். "எனக்கு இன்னா கேடு?" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மருமகள் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் எங்கேயாவது போய் வாருங்கள் என்று சண்டை போட்டு அனுப்பினாள். திருவாலங்காட்டுக்குப் போனேன். சாமி எதிரே நின்றால் கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. அவளை நல்லபடியாக ஆக்கு என்று கேட்கலாம் என்றால், ஆகாது என்று டாக்டரே சொல்லியாயிற்று. சீக்கிரம் எடுத்துக்கொள் என்று கேட்க நாக்கு வரவில்லை. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டு ரயில் ஏறி வந்துவிட்டேன்.

ஒருநாள் கூடை வேலை முடிந்து களைப்பாறுகிற நேரம். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லா வேல செய்றம்மா நீ. எந்த ஊரு நீ?" என்று கேட்டாள். ஒரே வாசலில் வாழ்ந்து, ஒரே பானையில் தின்று, ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி பால் கொடுத்தவர்கள் நாங்கள். "பக்கத்து ஊருதாம்மா" என்றேன். அன்றிலிருந்து அவள் புருஷனை மாமா என்று நான் சொல்லவில்லை. "உங்க ஊட்டுக்காரரு எறங்கிட்டாரும்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அஞ்சும் ஊட்ல கீது, ஓடு என்று ஒருநாளாவது சொல்லிவிடுவாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். சொல்லவே இல்லை.

இந்த நோய் வந்தவர்களைப் பார்த்துக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். ஐந்தை வளர்த்தவள் சொல்கிறேன், அது தப்பு. குழந்தைக்கு இன்றைக்குச் சட்டை போடச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு ஒரு கையாவது நுழைக்கும். அந்த ஆசையில்தான் வளர்க்க முடிகிறது. இங்கே நேற்று நுழைத்த கை இன்றைக்கு நுழையாது. அதைத் தெரிந்துகொண்டே காலையில் எழுந்திருக்க வேண்டும்.

அந்தப் பொண்ணு பார்த்துக்கொண்டிருந்த வேலை முடிந்துவிட்டது, வேறு ஊருக்குப் போட்டுவிட்டார்கள். வேறு ஆள் வரும் என்றார்கள், வரவில்லை. அந்த மழைக் காலத்தில் ஓரகத்திக்கு மூடி திறக்க மறந்துபோயிற்று. டப்பாவை எடுப்பாள். குலுக்குவாள். தட்டிக் காதில் வைப்பாள். மூடியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது, எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். கண்ணில் தண்ணி நிற்கும். நான் வாங்கித் திறந்து கொடுத்தால் அடுத்ததை எடுத்துக்கொண்டு நடுங்குவாள். கூடையை ஒளித்து வைத்தேன். கையில் ஒன்றும் இல்லாமலே குலுக்கினாள். அவள் செய்த வேலை போய்விட்டது, அந்த வேலைக்குள் இருந்த பயம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. கடைசியில் மேலே இருப்பது யார் என்பதும் போயிற்று. "யாரோ மேல கீறாங்க... யாரோ கீறாங்க" என்பாள். இறங்கிட்டாரு என்றால் அவளுக்கு யார் என்று தெரியாது. யாரும் இல்லை என்றால் நம்பமாட்டாள். அந்தப் பொண்ணு சொல்லிக்கொடுத்த பதில் அதோடு தீர்ந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஒரு வைத்தியம்தான் என்று அந்தப் பொண்ணு சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறகு ஓரகத்தி வாயைத் திறக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கஞ்சி உதட்டோடு வழிந்துபோகும். ஒரு முற்பகலில், நான் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, மூச்சு அடங்கிவிட்டது.

அவள் மகள் விஜயவாடா பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும் என்றாள். நல்ல சித்திரை வெயில். மதியம் வேனில் குளிர்ப் பெட்டி வந்து இறங்கியது. மேலே கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அவளை அதில் வைத்தார்கள். பெட்டிக்காரன் மூடியைத் தூக்கினான். நான் போய் விளிம்பில் கையை வைத்துக்கொண்டேன்.

"கைய எடும்மா, மூடணும்."

"மூடாத."

"யம்மா, மூடலன்னா கூலிங் நிக்காதும்மா."

"நிக்காட்டி போவுது. மூடாதன்னு சொல்றேன்ல."

எதிர் வீட்டுக்காரி யாரிடமோ, "பெருசு போச்சி, இப்போ சிறுசுக்கும் புத்தி பெரண்டுகிச்சி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தோளில் இருந்த துண்டை மடித்து மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்தேன். கொஞ்சம் காற்றாவது போகட்டும் என்று. பெரியவன் வந்தான். மற்றவர்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். தாழ்ப்பாளைப் பிடுங்கின கை அவனுடையது.

"தெரியுது சின்னம்மா. தங்கச்சி வந்து மூஞ்சியப் பாக்க வாணாமா? வெயிலப் பாரு. நீயே சொல்லு, இன்னா பண்றது?"

அவன் துண்டை எடுத்து என் தோளிலேயே போட்டான். மூடினார்கள். எல்லாரும் பந்தல் போடுகிற வேலையில் வெளியே போன பிறகு நான் பெட்டியண்டை குந்தினேன். விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், போன மாதம் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் வந்தது. பலகையில் இருந்த எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. சேர்த்தால் எந்த ஊர் என்று வரவில்லை. அது என் ஊர். கண்டக்டர் கேட்டும் சொல்லத் தெரியாமல் நின்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதுகிற பேத்திக்கு இப்போது தெரிந்துவிட்டது, எழுதுகிறதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது கண்ணு.

எனக்கு அது வந்தால், அந்தப் பொண்ணு மாதிரி யாராவது ஒருத்தி வந்து, இவங்க என்ன வேலை பாத்தாங்க என்று கேட்பாள். ஓரகத்திக்காகச் சொல்ல நான் இருந்தேன். எனக்காகச் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் நானே சொல்லிவைக்கிறேன். எனக்கு இரும்பில் பயம் இல்லை. எனக்குப் பயம் எல்லாம், நான் கிளம்பி, அவள் இன்னும் வீடு போய்ச் சேராத அந்த நேரம்தான். நான் தெருக் கேட்டண்டை போய் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கி எண்ணினால், உள்ளே இழுக்காதீர்கள். அஞ்சும் ஊட்ல கீது என்று சொல்லுங்கள், அது போதும். ஐந்தில் என் நடுப் பையன் இப்போது இல்லை. அதை அப்போது எனக்குச் சொல்ல வேண்டாம்.

பேத்தி, ரோட்டில் லாரிச் சத்தம் என்று, நடு அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். தாழ்ப்பாள் இல்லாததால் அது தானாகவே கொஞ்சம் திறந்துகொள்கிறது. அந்த ஓட்டைகள் வழியாக வெளி வெளிச்சம் தெரிகிறது.

போதும், எழுதினதைப் படி கண்ணு. மொதல்லருந்து படி. நான் எத்தினி பேர வளத்தேன்னு சொன்னேன், அத்தப் படி.